நம் பகுதிக்கு நம் கண் மருத்துவர்

அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என நீளும் இத்தொழிற்பகுதியில் கண்ணுக்கு நேரும் ஆபத்துகள் பல. பட்டறையில் கிரைண்டிங் செய்யும்போது பறக்கும் இரும்புத் துகள், காப்புக் கண்ணாடி அணியாதவரின் கருவிழியைச் சுடும் வெல்டிங் ஒளி, ஆலையில் தெறிக்கும் அமிலமும் காரமும் அவற்றுள் சில. இவற்றுடன் முதுமையில் வரும் கண்புரை, நீரிழிவால் கெடும் விழித்திரை, அறிகுறியே காட்டாமல் பார்வையைக் குறைக்கும் குளுக்கோமா ஆகியனவும் உண்டு.

கண்புரைக்குச் சில வாரங்கள் காத்திருக்கலாம். காரம் தெறித்த கண் காத்திருக்காது. உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு, தாமதமின்றிக் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எப்போதோ ஒரு நாள் நடைபெறும் இலவச முகாம் நற்பணிதான். எனினும், இரவு ஷிப்டில் கண்ணில் துகள் பாய்ந்த தொழிலாளிக்கு அது உதவாது. அவருக்கு வேண்டியது அருகிலேயே வாழும் கண் மருத்துவர். அத்தகைய மருத்துவர் உருவாவதில் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்து.

"பயிற்சி டாக்டர் வேண்டாம்; பெரிய டாக்டரே பார்க்கட்டும்" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. இருப்பது இரண்டே கண்கள், அச்சம் இயல்பானது. ஆனால் எந்தப் பெரிய டாக்டரும் ஒரு காலத்தில் பயிற்சி டாக்டராக இருந்தவரே. அன்று தம் கண்ணை அவரிடம் ஒப்படைத்த யாரோ சிலரால்தான் இன்று அவர் கை தேர்ந்தவராக இருக்கிறார்.

1819இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இதன் தலைமைப் பொறுப்பு நெடுங்காலம் ஆங்கிலேயரிடமே இருந்தது. நம்மவர் அங்கே பயின்று தேர்ந்த பிறகே நிலைமை மாறியது. அவ்வாறு பயின்றவர்களுள் ஒருவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. வடசென்னை மக்கள் நன்கறிந்த ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்றவர் அவர். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன நிலையிலும், எழும்பூரில் கண் மருத்துவம் கற்று, அறுவைக் கத்தியைப் பிடிக்கப் படிப்படியாகப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கோணிய விரல்களுடன் கற்றுக்கொண்ட அந்த இளம் மருத்துவரை அன்றைய நோயாளிகள் ஏற்காதிருந்தால் அந்த 11 படுக்கைகளும் தோன்றியிரா.

மதுரை கற்பிக்கும் பாடம் இன்னொன்றும் உண்டு. அங்கே பள்ளிப் படிப்பை முடித்த கிராமப்புறப் பெண்கள் ஈராண்டுப் பயிற்சி பெற்று, பார்வையை அளப்பது முதல் அறுவை அரங்கில் உதவுவது வரை பல பணிகளைச் செய்கின்றனர். அதனால் மருத்துவரின் நேரம் நோயறிதலுக்கும் அறுவைக்கும் மிஞ்சுகிறது. அயல்நாட்டு மருத்துவக் குழுக்களும் அங்கு வந்து பயின்று தம் நாடு திரும்புகின்றன. நேபாளத்தில் டாக்டர் சந்துக் ரூயித் முன்னின்று, 1994இல் காட்மாண்டுவில் தொடங்கிய தில்கங்கா கண் மருத்துவ நிலையமும் உள்நாட்டு மருத்துவர்களைப் பயிற்றுவித்தே மலைக்கிராமங்களை எட்டியது.

பயிற்சி என்பது நோயாளியின் கண்ணில் தொடங்குவதன்று. இளம் மருத்துவர் முதலில் ஆட்டின் கண் போன்றவற்றில் தையலும் வெட்டும் பழகுகிறார். பின்னர் அறுவையின் ஒரு படியை மட்டும் செய்கிறார். மூத்த மருத்துவர் அருகிலிருந்து நுண்ணோக்கி வழியே அதே காட்சியைக் காண்கிறார். தேவையெனில் அக்கணமே கருவியைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். அறுவைக்குச் சற்றுக் கூடுதல் நேரம் ஆகலாம் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

நோயாளியின் பங்கு இவ்வளவு பெரிதாயின், மருத்துவமனையின் கடமையும் பெரிதே. அறுவை செய்பவர் யார், மேற்பார்வையிடுபவர் யார் என்பதை ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுமுன் உங்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீங்களும் தயங்காமல் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுத்ததனால் சிகிச்சையில் எக்குறையும் நேரக் கூடாது. ஒரே கண்ணில் மட்டும் பார்வை உள்ளவருக்கும், சிக்கலான நோய் உடையவருக்கும் மூத்த மருத்துவரே அறுவை செய்வதுதான் முறை.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். எம்.பி.பி.எஸ். முடித்து மேலும் சில ஆண்டுகள் பயின்றால்தான் கண் மருத்துவராக முடியும். எல்லார்க்கும் அது இயலாது. ஆனால் பிளஸ் டூ முடித்த உங்கள் மகளோ மகனோ நான்காண்டு ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பில் சேரலாம். வெளியூரிலிருந்து வருபவர் மாற்றலாகிச் செல்லக்கூடும். பெற்றோரும் உறவினரும் இங்கேயே இருப்பவர் தங்கிப் பணியாற்றும் வாய்ப்பு அதிகம்.

அடுத்த முறை ஓர் இளம் மருத்துவர் விளக்குடன் உங்கள் கண்ணருகே குனியும்போது, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். விடை நிறைவளித்தால் அவர் பார்க்க இசையுங்கள். நாளை உங்கள் பேரப்பிள்ளையின் கண்ணில் துகள் விழும்போது ஓடிவரும் மருத்துவர் அவராகவே இருக்கக்கூடும்.