போயிட்டு வாங்க, ஏசிபி சார்!

ஒருத்தரை வழியனுப்பும்போது நம்ம ஊர்ல 'போங்க'ன்னு சொல்ற வழக்கம் இல்லை. 'போயிட்டு வாங்க'ன்னுதான் சொல்வோம். சிஐடி தொடர் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கிட்டது. 2018 அக்டோபர் 27 அன்னைக்குப் போனது, 2024 டிசம்பர் 21 அன்னைக்குத் திரும்பி வந்து நின்னது. இடைப்பட்ட ஆறு வருஷத்தில் டவுசர் போட்ட பசங்க எல்லாம் காலேஜ் ஐடி கார்டு மாட்டிக்கிட்டோம்.

திரும்பி வந்த தொடருக்கு எதுக்குய்யா பிரியாவிடைன்னு கேட்கலாம். என் கருத்து இதுதான்: சிஐடியை நாம நேசிச்சது நியாயம். அந்த நேசத்தை வச்சுக்கிட்டே, அதில் இருந்த ஒரு பழக்கத்தை மட்டும் மனசில் இருந்து அனுப்பி வைக்கணும். எந்தப் பழக்கம்னு சொல்றதுக்கு முன்னாடி, முதல்ல மரியாதையைச் செலுத்திடுறேன்.

1998 ஜனவரி 21 அன்னைக்கு சோனி டிவியில் தொடங்கினது. உருவாக்கினவர் பி.பி.சிங். ஏசிபி பிரத்யுமனா சிவாஜி சாட்டம், அபிஜீத்தா ஆதித்யா ஸ்ரீவாஸ்தவா, தயாவா தயானந்த் ஷெட்டி, டாக்டர் சாலுங்கேவா நரேந்திர குப்தா, ஃப்ரெட்ரிக்ஸா தினேஷ் பட்னிஸ். முதல் ஓட்டத்தில் மட்டும் 1,547 எபிசோடு. இருபது வருஷம்! நாலு வருஷ டிகிரியை ஒரு ஆள் அஞ்சு தடவை முடிக்கிற காலம் அது. (அரியர் வச்சவங்க கணக்குல சேர மாட்டாங்க.)

எங்க வடுகபட்டி பூண்டுக்குப் பேர் போன ஊர். கொடைக்கானல் மலைப்பூண்டும் வரும், வடக்கே இருந்து லோடும் வரும். மண்டியில் நாலு வார்த்தை இந்தி தெரிஞ்சவங்க உண்டு. வீட்டுக்குள்ளே யாருக்கும் தெரியாது. ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு எங்க அப்பத்தாவுக்குக் கொலையாளி யாருன்னு விளம்பர இடைவேளைக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். "அந்தா, ஓரமா நிக்கிறான் பாரு, அவன்தேன்" என்பார்கள். அவன்தான்!

மொழி தெரியாமலே புரியுற மாதிரி அதை எடுத்தாங்க என்பதுதான் விஷயம். யார் மேல சந்தேகமோ அவங்க முகத்துக்கு கேமரா மூணு தடவை பாயும். ஏசிபி கையைக் காத்துல சுழற்றினா ஏதோ இடிக்குதுன்னு அர்த்தம். "குச் தோ கட்பட் ஹை" என்பதும் "தயா, தர்வாஸா தோட் தோ" என்பதும் தேனி மாவட்டத்தில் பல பேர் பிழையில்லாம உச்சரிச்ச இந்தி வாக்கியங்கள். இந்தித் திணிப்பால் முடியாததை தயாவின் தோள்பட்டை முடிச்சதுன்னு விளையாட்டாச் சொல்லலாம். அந்தத் தயானந்த் ஷெட்டி நடிக்க வர்றதுக்கு முன்னாடி வட்டு எறிதல் வீரர். கதவுகளுக்கு ஏன் அந்தக் கதி என்பது இப்போ புரிஞ்சிருக்கும்.

கேலி பண்றதுக்கு நிறைய இருந்தது, பண்ணோம். ஆனா கேலிக்குள்ளே மறைஞ்சு போன மூணு நல்ல விஷயங்களைச் சொல்லணும்.

ஒண்ணு, உழைப்பு. 2004ல 'தி இன்ஹெரிட்டன்ஸ்' என்கிற எபிசோடை 111 நிமிஷம் ஒரே ஷாட்டில், ஒரு கட் கூட இல்லாம எடுத்தாங்க. கின்னஸ் சாதனையில் இடம் கிடைச்சது. நம்ம சிம்போசியத்துக்கு மூணு நிமிஷக் குறும்படம் எடுக்கிறதுக்கே எத்தனை டேக் போகுதுன்னு எடுத்தவங்களுக்குத் தெரியும்.

ரெண்டு, வேலை. மத்த சீரியல்ல எல்லாம் போலீஸ்காரருக்கு மாமியார் பிரச்சினை இருக்கும். இதில் பெரும்பாலும் வேலைதான் கதை. ஒரு டீமா உட்கார்ந்து யோசிச்சு, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மறுத்து, தடயத்தைத் தேடிப் போவாங்க.

மூணு, லேப். சாலுங்கே மாதிரி ஒரு விஞ்ஞானியை, கலர் கலராக் கொதிக்கிற குடுவைகளோட, வாராவாரம் ஹீரோவாக் காட்டின இந்தியத் தொடர் வேற எது? அங்கே டிஎன்ஏ ரிசல்ட் காபி ஆறுறதுக்குள்ள வந்துடும், நிஜத்தில் நாள் கணக்கு, வாரக் கணக்கு ஆகும் என்பது வேற விஷயம். ஆனாலும் 'ஆதாரம் பேசும்' என்கிற நினைப்பைப் பசங்க மனசில் போட்டது அந்த லேப். இந்தத் துறையில் நமக்கு ஒரு பழைய சொந்தமும் இருக்கு. விஷங்களைக் கண்டுபிடிக்க 1849லேயே மதராஸில் அரசு ரசாயனப் பரிசோதனைக் கூடம் வந்தாச்சு. இந்தியத் தடய அறிவியலின் தொடக்கமே அங்கேதான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அந்த லேப், அந்த டீம், அந்த யோசனை எல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிஷம் உழைச்ச பிறகு கடைசியில் கேஸ் எப்படி முடியும்? ஒரு அறை. தயா கை ஓங்குவார், பளார்னு ஒண்ணு விழும், குற்றவாளி மளமளன்னு எல்லாத்தையும் ஒப்பிச்சுடுவான். உடனே ஏசிபி அவனுக்குத் தூக்கு நிச்சயம்னு தீர்ப்பும் சொல்லிடுவார். கோர்ட் கிடையாது, வக்கீல் கிடையாது, ஜட்ஜ் கிடையாது. முக்கியமா, அந்த அறை தப்பான ஆள் கன்னத்தில் கடைசி அறையா விழுந்ததே இல்லை. கதாசிரியருக்குக் குற்றவாளி யாருன்னு முன்னாடியே தெரியும், அதனால அறை எப்பவும் சரியான விலாசத்துக்குப் போய்ச் சேரும்.

நிஜத்தில் அந்த வாக்குமூலத்துக்கு என்ன மதிப்பு? போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரா நிரூபிக்க முடியாது. 1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தில் அது 25ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் அது 23ஆவது பிரிவு. அவர் சொன்னதை வச்சு ஒரு பொருளைக் கண்டெடுத்தா, அந்த அளவுக்கு மட்டும் ஏத்துக்கலாம். கைது செஞ்சவரை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. அதாவது தயாவின் அறையில் முடிஞ்ச கேஸ், கோர்ட் வாசல்படியிலேயே தடுக்கி விழும்.

இந்த விதி ஏன் வந்தது என்பதில் நம்ம மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. வரி வசூலுக்காகவும் குற்ற விசாரணைக்காகவும் மக்களைச் சித்திரவதை செய்றாங்க என்கிற புகாரை விசாரிக்க மதராஸ் மாகாணத்தில் ஒரு கமிஷன் போட்டாங்க. 1855ல அது அறிக்கை கொடுத்தது, புகார் உண்மைன்னு சொன்னது. அதுக்கப்புறம் 1861ல வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில்தான் போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாதுங்கிற விதி வந்தது. அடிச்சா உண்மை வராது, அடி நிக்கிறதுக்கு எது தேவையோ அதுதான் வரும் என்பது நூத்தறுபது வருஷத்துக்கு முன்னாடியே புரிஞ்ச சங்கதி.

'டேய், அது வெறும் சீரியல்டா' என்று ஒரு நண்பர் சொல்லுவார். நியாயமான கேள்விதான். சிஐடி பார்த்துட்டு யாரும் லத்தியை எடுக்கலை. அதுக்கு முன்னாடியே லத்தி இருந்தது. நம்ம தமிழ் சினிமாப் போலீஸ் கதாநாயகர்கள் தயாவைவிடப் பல மடங்கு அடிச்சவங்க. என் கவலை அடிக்கிறவங்களைப் பத்தி இல்லை, வீட்டில் உட்கார்ந்து தலையாட்டுற நம்மைப் பத்தி. பஸ்ஸில் பர்ஸ் காணாமப் போனாலே, "கவனிக்கிற விதத்துல கவனிச்சா கக்கிடுவான்"னு ஒரு குரல் வருதே, அந்தக் குரல் எந்த ஸ்டேஷன்லயும் வேலை பார்க்கலை. டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கு.

2020 ஜூனில் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தில் கடை திறந்து வச்சதா வந்த விவகாரத்தில் அழைச்சுட்டுப் போகப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்கிற அப்பாவும் மகனும் சில நாள்ல அடுத்தடுத்து இறந்தாங்க. 2025 ஜூனில் திருப்புவனம். நகை காணாமப் போன புகாரில் விசாரிக்கப்பட்ட மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் இறந்தார், வயசு 27. மதுரையைத் தாண்டினா திருப்புவனம். நமக்கு அது தூரத்துச் செய்தி இல்லை. ரெண்டு வழக்கும் சிபிஐ கைக்குப் போச்சு. நகை கேஸ்ல விளம்பர இடைவேளை கிடையாது, சாலுங்கேயும் கிடையாது. அங்கே அறை யார் கன்னத்தில் விழணும்னு எழுதி வைக்கிற கதாசிரியரும் கிடையாது.

சாத்தான்குளத்தில் எனக்கு மறக்க முடியாத ஆள் ஒருத்தர் இருக்கார். அந்த ஸ்டேஷன்லயே வேலை பார்த்த தலைமைக் காவலர் ரேவதி. கூட வேலை பார்க்கிறவங்க இருக்கிற இடத்திலேயே, விடிய விடிய அடிச்சதைப் பார்த்தேன்னு விசாரணைக்கு வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். தயா 1,547 எபிசோடில் உடைச்ச மரக்கதவு எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு சாட்சியத்தின் எடைக்கு வராது. அப்படி ஒரு கான்ஸ்டபிளை மையமா வச்சு ஒரு போலீஸ் தொடர் வந்தா, பத்து மணிக்கு நானே முதல் ஆளா உட்காருவேன். 2022ல வந்த 'விலங்கு', 'சுழல்' மாதிரித் தமிழ்த் தொடர்கள், போலீஸும் தூக்கம் கெட்டு, மேலிடத்துக்குப் பயந்து, தடுமாறுற மனுஷங்கதான்னு காட்டத் தொடங்கியிருக்கு. அந்தப் பாதை இன்னும் நீளணும்.

சிஐடி திரும்பி வந்ததில் ஒரு விளையாட்டும் நடந்தது. 2025 ஏப்ரலில் ஏசிபி பிரத்யுமன் குண்டு வெடிச்சு இறந்துட்டார்னு காட்டினாங்க. ரசிகர்கள் கொதிச்சாங்க. கொஞ்ச நாள்ல உயிரோட திரும்பி வந்துட்டார். கதையில் செத்தவங்க வரலாம். 2023 டிசம்பரில் காலமான தினேஷ் பட்னிஸ் வர மாட்டார். எல்லாரும் விறைப்பா நிக்கிற இடத்தில் அசட்டுச் சிரிப்போட நின்ன ஃப்ரெட்ரிக்ஸ் அவர். குற்றவாளியை விரட்டாம நம்மைச் சிரிக்க வச்ச போலீஸ். உண்மையான பிரியாவிடை அவருக்கு மட்டும்தான் சொல்ல முடியும். நன்றி சார்.

மத்தவங்களுக்கு: சாலுங்கே சார், உங்க குடுவைகளை இங்கேயே விட்டுட்டுப் போங்க. ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை வரக்கூடிய குற்றம்னா தடயவியல் நிபுணர் நேரில் போகணும்னு புதுச் சட்டம் சொல்லுது, அதனால நம்ம பேட்ச்லயே நாலு பேருக்கு அங்கே வேலை இருக்கலாம். அபிஜீத் சார், உங்க சந்தேகப் பார்வையை விட்டுட்டுப் போங்க. வாட்ஸ்அப் ஃபார்வர்டு படிக்க உதவும். ஏசிபி சார், காத்துல சுழற்றுற அந்தக் கையையும் விட்டுட்டுப் போங்க. ஏதோ இடிக்குதேன்னு நிறுத்தி யோசிக்கிற பழக்கம் எங்களுக்கு நிறையவே வேணும்.

தயா சார், உங்களைத்தான் ரொம்பப் பிடிக்கும், அதனால உங்ககிட்ட உரிமையோட கேட்கிறேன். தோளை வச்சுக்கோங்க, கதவு எத்தனை வேணா உடைச்சுக்கோங்க. ஓங்கின அந்தக் கையை மட்டும் கூடவே எடுத்துட்டுப் போயிடுங்க. அதுக்கு மட்டும் 'போயிட்டு வாங்க'ன்னு சொல்ல மாட்டேன்.