வசனம் யாருடையது?

"மல்யுத்த வீரர் வெறும் நடிகர், எழுதிக் கொடுத்ததைப் பேசினால் போதும்" என்கிறது ஒரு கட்சி. ஒட்டுக்கடை அரட்டையில் இந்த வாதம் எடுபடலாம்; ஆனால் வளையத்தில் நடந்தது வேறு.

1996இல் மில்வாக்கியில் பட்டம் வென்ற மல்யுத்த வீரர் ஸ்டீவ் ஆஸ்டின், எதிராளி ஜேக் ராபர்ட்ஸின் பைபிள் பேச்சைக் கேலி செய்து உதிர்த்த 'ஆஸ்டின் 3:16' என்ற வரி எழுத்தாளர் தந்ததல்ல. பிறகு அதே வரி பனியன்களில் ஏறிக் காசு குவித்தது! இன்னொரு வீரர் ஜான் மாக்ஸ்லி 2019இல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.இ.யை விட்டு வெளியேறியபின் கொட்டித் தீர்த்ததும் வாயில் திணிக்கப்பட்ட வசனங்களைப் பற்றித்தான்.

யார் வெல்வது என்பதை நிறுவனமே முடிவு செய்யட்டும், அதில் சண்டையில்லை. ஆனால் பேச்சும் பாத்திரமும் வீரருடையதாகவே இருக்கட்டும்.

மலேசிய மல்யுத்த வீராங்கனை நோர் டயானா முதலில் முகமூடியோடு வந்தார். 2018இல் தோற்றபின் அதைக் கழற்றி, ஹிஜாபுடன் 'ஃபீனிக்ஸ்' என்ற தன் மேடைப் பெயரிலேயே நின்றார். 2019 ஜூலையில் நான்கு ஆண்களை வீழ்த்திப் பட்டம் பெற்றார். எந்த அமெரிக்க எழுத்தறை இவரைக் கற்பனை செய்திருக்கும்?