குரல் அமுங்குதா? எதைத் திருப்பலாம்?

மகள் பாட, மகன் கீபோர்டு வாசிக்க, வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யும் குடும்பங்கள் இப்போது நிறைய. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே நன்றாக இருக்கும். சேர்த்துக் கேட்டால் மட்டும் வரிகள் புரியாது. உடனே குரலின் வால்யூமை ஏற்றுவோம். பிறகு கீபோர்டு கேட்கவில்லை என்று அதை ஏற்றுவோம். இப்படியே போனால் கடைசியில் ஒலி உடைந்து கரகரக்கும்.

வால்யூம் ஓர் ஒலியை முழுசாக ஏற்றி இறக்கும். ஈக்வலைசர் அந்த ஒலிக்குள் இருக்கும் கனமான பகுதி, நடுப்பகுதி, கூர்மையான பகுதி ஆகியவற்றைத் தனித்தனியே ஏற்றி இறக்கும். குழம்பு போதவில்லை என்றால் இன்னொரு கரண்டி ஊற்றலாம். புளிப்பு தூக்கலாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றி என்ன பயன்?

எது தேவை என்று கண்டுபிடிக்க, முதலில் குரலின் வால்யூமை மட்டும் மெல்ல ஏற்றுங்கள்.

* வரிகள் தெளிவாகிவிட்டனவா? வேலை முடிந்தது. ஈக்வலைசரைத் தொடவே வேண்டாம்.

* சில வரிகளில் மட்டும் குரல் தாழ்கிறதா? அந்த வரிகளுக்கு மட்டும் வால்யூமை ஏற்றுங்கள்.

* காதைக் குத்தும் அளவுக்கு ஏற்றியும் வார்த்தை புரியவில்லையா? குரலும் கீபோர்டும் ஒரே இடத்தில் மோதுகின்றன. இங்கேதான் ஈக்வலைசர் வேண்டும்.

மோதல் என்றால் குரலைக் கூட்டுவதைவிட கீபோர்டைக் குறைப்பது நல்லது. வார்த்தைத் தெளிவு பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. கீபோர்டில் அந்த இடத்தை 2 அல்லது 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள். பானைக்குள் பாடுவதுபோல மந்தமாக இருந்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸைக் கொஞ்சம் இறக்குங்கள். பெண் குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது மைக் அதிர்வும் ஃபேன் இரைச்சலும்தான். தயங்காமல் வெட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. ஈக்வலைசரில் எதையாவது ஏற்றினால் மொத்தச் சத்தமும் கூடும். சத்தம் கூடினாலே காதுக்கு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். அதனால் கூடிய அளவுக்கு வால்யூமை இறக்கிவிட்டு, ஈக்வலைசரை அணைத்தும் போட்டும் ஒப்பிடுங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் குறைத்து வைத்தே மிக்ஸ் செய்யுங்கள். உரக்க வைத்தால், குறைத்து வைத்துக் கேட்பதைவிட பாஸ் தூக்கலாகக் கேட்கும். 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிவிட்டார்கள். கடைசியாக, பாட்டை சாதாரண போன் ஸ்பீக்கரில் போட்டு, இதுவரை கேட்காத ஒருவரிடம் கொடுங்கள். வரிகளை அவர் திருப்பிச் சொன்னால், தைரியமாக சொந்தக்காரர்களுக்கு அனுப்பலாம்.