வெட்டும் முன் தூரைப் பாருங்கள்

கோடை மழையோடு காற்று வீசி, சாலையோரப் புளிய மரத்தில் ஒரு கிளை முறிந்தால் போதும். மறுநாளே மனு போகிறது. பின்னாலேயே ரம்பமும் வருகிறது. ‘பட்ட மரம், ஆபத்தானது’ என்ற ஒரு வரியில் அதன் கதை முடிகிறது. பயிற்சி பெற்ற ஒருவர் தூர் முதல் உச்சி வரை சோதித்து, எழுத்தில் அறிக்கை தராமல் முதிர்ந்த மரம் எதையும் வெட்டக்கூடாது என்று அரசு விதி வகுக்க வேண்டும். பொது இடத்து மரங்களை வெட்டலாமா என்று முடிவு செய்ய மாவட்டப் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. பிழைக்க வைக்க முடியுமா என்ற கேள்வியும் அவற்றின் முன் போகட்டும்.

மரம் வயதாகிக் காய்வதைவிட, நாம் அதன் காலடியில் செய்யும் வேலையால் காய்வதே அதிகம். நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணில் இரண்டடிக்குள், கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவியிருக்கின்றன. அங்கேதான் தார் போடுகிறோம், பேவர் பிளாக் பதிக்கிறோம், வடிகாலுக்கும் கேபிளுக்கும் ஜேசிபியால் பள்ளம் பறிக்கிறோம். மரம் உடனே சாவதில்லை. சேர்த்து வைத்த சத்தில் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு, அடுத்த வறட்சியில் உச்சி காய்கிறது. சாலை போட்டவரை அதற்குள் எல்லோரும் மறந்திருப்பார்கள்; பழி வெயில் மேல் விழுகிறது.

சோதனை என்றதும் பெரிய கருவிகளை நினைத்து மிரள வேண்டாம். மரச்சுத்தியலால் தண்டைத் தட்டினால் உள்ளே கூடா, கெட்டியா என்று ஓரளவு தெரியும். தூரில் அடுக்குக் காளான் முளைத்திருந்தால் உள்ளே அழுகல் இருக்கிறது. ஒரு பக்கம் மண் வெடித்து மேலெழுந்திருந்தால் வேர் பிடிப்பை இழந்துவிட்டது. அருகில் பள்ளிக்கூடமோ பேருந்து நிறுத்தமோ இருந்தால் அந்த மரத்தைத் தாமதிக்காமல் அகற்றத்தான் வேண்டும். அதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் பொந்து விழுந்ததாலேயே மரம் சாய்ந்துவிடாது. சுற்றியுள்ள கட்டை போதிய கனமாக இருந்தால் இரும்புக் குழாய்போல உறுதியாக நிற்கும். நுனி காய்ந்து, உள்கிளைகளில் பச்சைத் துளிர் தெரிந்தால், மரம் வரவுக்கேற்பச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்று பொருள். தெலங்கானாவில் 2021-ல் நுனிக்கருகல் நோயால் வேப்ப மரங்கள் பழுப்பேறி நின்றதைப் பார்த்தவர்கள் அஞ்சினார்கள். இந்த நோய் கண்ட வேம்புகளில் பல மீண்டும் துளிர்க்கக்கூடியவை.

அதே தெலங்கானாவில், மகபூப்நகரின் பில்லலமர்ரி ஆலமரத்துக்கு ஏறத்தாழ 700 வயது என்கிறார்கள். கரையான் அரித்து, 2017 இறுதியில் பெருங்கிளை ஒன்று விழுந்தது. மறு ஆண்டு, மருத்துவமனை சலைன்போல பாட்டில்களைத் தொங்கவிட்டுப் பூச்சிமருந்து ஏற்றினார்கள். படங்கள் உலகமெங்கும் போயின. பார்வையாளர்களை நிறுத்தியதும், கிளைகளுக்குத் தூண் முட்டுக் கொடுத்ததும் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நம் பார்வையில் பாடம் அங்கேதான் இருக்கிறது. ஹவுரா தாவரவியல் பூங்காவின் பேராலமரத்தில் பூஞ்சை தாக்கிய தாய்த்தண்டை 1925-ல் அகற்றினார்கள். மரம் விழுதுகளின் மேல் இன்றும் நிற்கிறது.

வைத்தியத்துக்குப் பெரிய செலவு இல்லை. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்க தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது. அதை இங்கும் செய்யலாம். நலிந்த மரத்துக்குத் தூரில் குடம் குடமாக ஊற்றிப் பயனில்லை; நிழல் விழும் விளிம்பை ஒட்டி, ஓரடி ஆழம் நனையும்படி மெதுவாக நீர் விட வேண்டும். உதிர்ந்த சருகே நல்ல மூடாக்கு. அதைத்தான் கூட்டிக் கொளுத்துகிறோம்! மின்கம்பிக்காக மொட்டையடிப்பது எல்லாவற்றிலும் கேடு: நிழலில் இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கிறது, வெட்டிய இடத்தில் வரும் போத்துகள் மேலோட்டமாக ஒட்டியிருப்பதால் பின்னொரு காற்றில் அவையே முறிந்து விழுகின்றன.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-ல் தொடங்கப்பட்டது; மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது இலக்கு. கன்று நடுவதற்குக் கணக்கு இருக்கிறது, நிற்கும் மரத்தைக் காப்பதற்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். நெடுஞ்சாலைப் புளிய மரங்களில் எண் எழுதியிருக்கிறோம், காய்ப்பை ஏலம் விடுகிறோம். அந்தப் பதிவேட்டிலேயே மரத்தின் உடல்நிலைக்கு ஒரு பத்தியைச் சேர்த்து, ஒவ்வொரு பங்குனிக்கு முன்பும் நிரப்பச் சொல்லலாம்.