எடை மட்டும் அளக்கும் விதி

செல்லப்பிராணியுடன் வான்பயணம் என்பது செல்வந்தரின் சொகுசுச் சிக்கல் என ஒதுக்குவோர், அதன் விதிகளைப் படித்துப் பார்ப்பது நலம். ஏர் இந்தியாவும் ஆகாசா ஏரும் பயணியர் அறையில் விலங்கை அனுமதிக்கின்றன. வரம்பு, கூண்டையும் சேர்த்து 10 கிலோ. இண்டிகோவில் சேவை நாய்க்கு மட்டுமே இடம்.

இவ்வரம்புக்குள் பொமரேனியன் அடங்கும். ஷீ ட்ஸு அடங்கும். தெருவிலிருந்து தத்தெடுத்து வளர்த்த நாட்டு நாய் பெரும்பாலும் அடங்காது. இராஜபாளையமும் முதோலும் அடங்கவே அடங்கா. உள்நாட்டு இனங்களைப் போற்றச் சொல்லும் நாடு, அவற்றுக்குச் சரக்கறையையே காட்டுகிறது.

இருக்கைக்கு அடியில் இடமில்லை என்னும் வாதம் உண்மையே. அதனாலேயே சரக்கறையின் பாதுகாப்பு முதன்மை பெறுகிறது. ஆபத்து வானத்தில் மட்டும் இல்லை. ஓடுதள வெயிலில் கூண்டு காத்துக்கிடக்கும் நேரத்திலும் இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் வான்வழியையும் உள்ளடக்கியவை. விதி இருந்தால் போதாது; கணக்கும் வேண்டும். பயணத்தில் நேரும் விலங்கு மரணங்களை அமெரிக்க விமான நிறுவனங்கள் 2005 முதல் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். அக்கட்டாயம் இங்கும் வரட்டும்.

உரிமையாளரிடம் உடல்நலச் சான்றும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்றும் கேட்பது முறையே. விலங்கு உயிரோடு இறங்கியது என்னும் சான்றை நிறுவனத்திடம் கேட்பதும் முறையே.