ஹட்டோரியின் அப்பா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி போடும் ரோலிங் மில்லில் அப்பாவுக்கு வேலை. ஒரு தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் என்னை மின்சார ரயிலில் பர்மா பஜாருக்குக் கூட்டிப்போனார். டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேமும், '9999 இன் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டிய மஞ்சள் கேசட்டும் வாங்கித் தந்தார். திரும்பி வரும்போது பொன்னேரி தாண்டியும் அந்த அட்டைப்பெட்டி என் மடியைவிட்டு இறங்கவில்லை.

9999 என்பது பொய். இருபது முப்பது ஆட்டங்கள்தான் வேறு வேறு எண்களில் திரும்பத் திரும்ப வந்தன. அதில் ஒன்றைத் திறந்தபோது ஜப்பானிய எழுத்துகளுக்கு நடுவே தெரிந்த முகம் ஒன்று. நிஞ்ஜா ஹட்டோரி! பள்ளி விட்டு வந்ததும் டிவியில் தமிழ் பேசுகிற அதே ஹட்டோரி.

அந்தத் தொடரில் கெனிச்சி என்றொரு பையன். படிப்பு ஏறாது, விளையாட்டும் வராது, போட்டிக்காரன் அமாராவிடம் தினமும் மாட்டிக்கொள்வான். அவன் வீட்டுக்கு வந்து தங்கும் ஹட்டோரியின் வித்தைகளெல்லாம் அவனைக் காப்பாற்றத்தான். அம்மாவும் கம்பெனிக்குப் போய்விட, வீட்டுப் பூட்டை நானே திறந்து நுழைந்த நாட்கள் அவை. எங்கள் வீட்டுக்கும் ஒரு ஹட்டோரி வரமாட்டானா என்று உண்மையாகவே ஏங்கியிருக்கிறேன்.

கேசட்டில் வந்தவன் யாருக்கும் உதவவில்லை. ஓடினான், தாவினான், நட்சத்திரத் தகடுகளை வீசினான். எதிரிகள் ஓயாமல் வந்தார்கள். தாவினால் எங்கே போய் இறங்குவான் என்பது கடைசிவரை என் கைக்குப் பிடிபடவில்லை. நான் ஆடிய மட்டும் கெனிச்சிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அழுகையே வந்தது. அப்பாவிடம் சொல்ல மனம் வரவில்லை. அது அவருடைய போனஸ்.

அது 1986இல் ஹட்சன் சாஃப்ட் நிறுவனம் ஜப்பானின் ஃபாமிகாம் கருவிக்குச் செய்த ஆட்டம் என்று வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். 1981இல் தொடங்கிய கார்ட்டூன் தொடர் அப்போதும் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது அந்தக் கருவியின் மலிவு நகல். அதற்கு நினைவகம் 2 கிலோபைட். திரையின் ஒரு வரியில் எட்டு உருவத் துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது, ஒன்பதாவது மறைந்துவிடும். எதிரிகள் கூடும்போது படம் மினுமினுத்ததற்கு அதுவே காரணமாக இருந்திருக்கும். நாங்கள் டிவியின் தலையில் தட்டிக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் குற்றத்தைக் கருவியின்மேல் போட மாட்டேன். அதே கருவியில் 1985இலேயே சூப்பர் மாரியோ வந்துவிட்டது. பொத்தானை அழுத்தும் அளவுக்கு உயரும் மாரியோவின் தாவலில் இருக்கும் இன்பம் இன்றும் குறையவில்லை. ஹட்டோரியின் முகத்தையும் தகடுகளையும் எடுத்துக்கொண்டவர்கள் அவனுடைய நட்பை எடுத்துக்கொள்ளவில்லை. குறை அங்கேதான். பெயர்பெற்ற தொடரை வைத்து ஆட்டம் செய்கிறவர்கள் இன்றும் இந்தத் தவறைச் செய்வதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளைகள் ஆசையோடு அல்லவா ஆட்டத்தைத் திறக்கிறார்கள்!

ஒரேயொரு இடம் மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. நடுவில் ஒரு போனஸ் கட்டம் வரும். ஹட்டோரியின் அப்பா மேலே நின்று இரண்டு விதமான பொருள்களை வீசுவார். ஒன்று சிக்குவா. மீனை அரைத்துக் குழல்போலச் சுட்டெடுக்கும் பண்டம். ஹட்டோரியின் நாய் ஷிஷிமாருவுக்கு அது என்றால் உயிர். இங்கே டப்பிங்கில் அதைச் சாக்லேட் ரோல் ஆக்கிவிட்டார்கள். இன்னொன்று உடற்பயிற்சிக்கான இரும்புக் குண்டு. தலையில் விழுந்தால் ஹட்டோரி கொஞ்ச நேரம் மயங்கி நிற்பான். பண்டத்தைப் பிடித்து, இரும்புக்குத் தப்ப வேண்டும்.

ஒருநாள் காலை, நைட் ஷிஃப்ட் முடித்துவந்த அப்பா, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மேல நிக்கிறது யாருடா?"

"அவங்க அப்பா."

"பெத்த புள்ள மேல எதுக்கு இரும்பத் தூக்கிப் போடுறாரு?"

"நடுநடுவுல சாப்பாடும் போடுறாருப்பா."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, "இங்க குடு, எப்படிப் புடிக்கணும்னு சொல்லு" என்றார்.