வெந்நீர் பாய்லரும் வெள்ளிமலைக் குளிரும்

போன மார்கழியில ஒரு வேலையா வெள்ளிமலை போயிருந்தேன். நம்ம கள்ளக்குறிச்சிக்கு ஸ்வெட்டர் எதுக்குன்னு தெனாவெட்டா கிளம்பியாச்சு. கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலையேறினப்பதான் புத்தி வந்துச்சு :-)

காலையில எழுந்து பார்த்தா, தங்கியிருந்த வீட்டு ஆயா மூணு கல்லு அடுப்புல வெந்நீர் போட்டுக்கிட்டு இருந்தாங்க. வீடு பூரா புகை. மூலையில கேஸ் அடுப்பு துணி போத்திக்கிட்டு சும்மா உக்காந்திருந்துச்சு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "ஏன் ஆயா, கேஸ் இருக்கே, இன்னும் எதுக்குப் புகையில கஷ்டப்படறீங்க?"ன்னு கேட்டுட்டேன்.

"கேஸ்ல டீ போடலாம் தம்பி. குளிர் காய முடியுமா?"

அவ்ளோதான். பதில் சொல்ல முடியாம கையை நீட்டி நானும் குளிர் காய ஆரம்பிச்சுட்டேன்.

கீழ இறங்கின பிறகுதான் யோசிச்சேன். மலையில நெருப்புக்கு மூணு வேலை. சமையல், வெந்நீர், குளிர் காயறது. 2016-ல வந்த உஜ்வாலா திட்டம் முதல் வேலைக்குத்தான் பதில் சொல்லுது. அப்புறம் "கேஸ் குடுத்தும் விறகு எரிக்கிறாங்க"ன்னு அவங்களையே குறை சொல்றது என்னங்க நியாயம்?

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்த்தேன். 20 லிட்டர் தண்ணியை 18 டிகிரியில இருந்து 42-க்குக் கொண்டு போகணும். எரியற கேஸோட சூட்டுல 60 சதவீதம் தண்ணிக்குப் போகுதுன்னு வச்சுக்கிட்டாலும், ஒரு ஆளுக்கு சுமார் 75 கிராம் கேஸ் வேணும். நாலு பேர் தினம் குளிச்சா 300 கிராம். அப்ப 14.2 கிலோ சிலிண்டர் குளியலுக்கு மட்டுமே ஒன்றரை மாசத்துல காலி. சமையலுக்கு? காட்டுல சுள்ளி சும்மா கிடைக்கும்போது யாருங்க இதுக்குக் காசு கொடுப்பாங்க?

அதுக்காக புகை நல்லதுன்னு சொல்ல வரல. வீட்டுக்குள்ள உண்டாகிற புகையால 2020-ல மட்டும் உலகத்துல 32 லட்சம் பேர் செத்திருக்காங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. கங்கை சட்டியில அள்ளி மூடின ரூமுக்குள்ள வச்சுக்கிட்டுத் தூங்கறது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல, புகையும் இல்ல. தூக்கத்துலயே ஆளை முடிச்சுடும்.

அப்ப என்னதான் வழி? எங்க வீட்டுல முன்ன ஒரு செம்பு பாய்லர் இருந்துச்சு. நடுவுல நெருப்புக் குழாய், சுத்தித் தண்ணி. மேல புனல்ல ஒரு சொம்பு பச்சத்தண்ணி ஊத்தினா கீழ குழாய்ல வெந்நீர் வரும். கொட்டாங்கச்சி, கதிர் உதிர்த்த மக்காச்சோளக் கட்டை, எதைப் போட்டாலும் எரியும். நெருப்பைச் சுத்தியே தண்ணி இருக்கறதால சூடு வீணாகறது கம்மி, விறகும் கம்மி. கீசர் வந்ததும் பாத்திரக்கடையில எடைக்குப் போட்டுட்டோம். இப்ப நினைச்சா வயிறு எரியுது.

குளிர் நாடுகள்ல விறகு பாய்லர்ல காய்ச்சின தண்ணியை குழாய் வழியா ஒவ்வொரு ரூமுக்கும் அனுப்பி வீட்டையே சூடாக்கறாங்க. காஷ்மீர்ல ஹமாம்னு கல் தரைக்கு அடியில விறகு எரிப்பாங்க. தரையும் சூடு, தண்ணியும் சூடு. கல்வராயன் மலையில பனிக்கட்டியா கொட்டுது? நமக்கு அவ்வளவு வேணாம். கொல்லைப்புறத்துல ஒரு பாய்லர், வீட்டுக்குள்ள புகைபோக்கி வச்ச மண் அடுப்பு. இது ரெண்டும் போதும். மண் அடுப்பு அணைஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் சூடு விட்டுக்கிட்டே இருக்கும். குளிர் காயலாம், புகை கூரைக்கு மேல போயிடும். விறகு மட்டும் நல்லா காஞ்சிருக்கணும். ஈர விறகுல சூட்டுல ஒரு பங்கு அதுல இருக்கற தண்ணியை விரட்டவே போயிடும், புகையும் அதிகம்.

மத்திய அரசோட மேம்பட்ட அடுப்புத் திட்டம் 1983 வாக்குல தொடங்கி 2002-ல நின்னு போச்சு. கட்டிக் குடுத்ததோட சரி, ரிப்பேர் பார்க்க ஆள் இல்லங்கறதுதான் அதுமேல சொன்ன பெரிய குறை. அடுப்பைக் குடுத்தா மட்டும் பத்தாது, அதைச் சரி பண்ண ஊருக்குள்ளயே ரெண்டு பேருக்குத் தொழில் கத்துக் குடுக்கணும்.

2019-ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாச்சு. கல்வராயன் மலை அதுல தனி தாலுகா. திட்டம் போடறவங்க ஒரே ஒரு மார்கழி ராத்திரி மேல வந்து தங்கட்டும். ஆயா கேட்ட கேள்விக்கு அவங்களுக்காவது பதில் தெரியுதான்னு பார்ப்போம்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்ல பழைய பாய்லர் இருந்தா தயவுசெஞ்சு எடைக்குப் போட்டுடாதீங்க மக்களே!